கொல்லைப் பழமும் கடைப் பழமும்: மலாக்காவிலிருந்து ஒரு கணக்கு

மலேசியாவில் விளையும் பழம் கூடிவருகிறதா, குறைந்துவருகிறதா? கூடிவருகிறது என்கிறது அரசாங்கக் கணக்கு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் பழத்தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உள்நாட்டு விளைச்சல் நிறைவுசெய்தது. அடுத்த பத்தாண்டில் அது முக்கால் பங்கைத் தாண்டியது. 2021 முதல் 2030 வரைக்கான இரண்டாம் தேசிய வேளாண் உணவுக் கொள்கை இதை 83 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது.

இதே கேள்வியை ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, இன்று தமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் வாழும் முதியவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். பப்பாளியையும் கொய்யாவையும் காசு கொடுத்து வாங்கும் காலம் வரும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. பழம் என்றால் கொல்லையில் பழுப்பது, அடுத்த வீட்டுக்காரர் கொடுத்தனுப்புவது என்றே வளர்ந்தவர்கள் அவர்கள்.

இரண்டு பதிலும் உண்மை. நாட்டின் பழ விளைச்சல் எடையில் வளர்ந்திருக்கிறது. அந்தப் பழம் எளிய வீட்டுக்கு வந்துசேரும் வழி குறுகியிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடந்தன என்பதை மலாக்கா மாநிலத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல் எதை அளக்கிறது?

ஒரு நாட்டின் உணவு வளத்தைப் பேசும்போது அதிகாரிகள் கையாளும் அளவுகோல் தன்னிறைவு விகிதம். உள்நாட்டு விளைச்சலோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, வரும் தொகைக்கு உள்நாட்டு விளைச்சல் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதே அதன் முறை. மலேசியப் புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு பயிருக்கும் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. தர்ப்பூசணி, டுரியான் போன்றவை நூறு விழுக்காட்டைத் தாண்டி நிற்கின்றன. மாம்பழத்தில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தேங்காயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறக்குமதி.

பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் அதன் எல்லைகளை அறிந்துகொண்டே அதைப் படிக்கவேண்டும். முதலாவதாக, அது எடையைப் பார்க்கிறது, வகையைப் பார்ப்பதில்லை. பத்து வகைப் பழம் விளைந்த இடத்தில் ஒரே வகை விளைந்தாலும், எடை கூடினால் விகிதம் கூடும். இரண்டாவதாக, ஏற்றுமதி பெருகினாலும் விகிதம் உயரும். பழம் கப்பலேறிப் போன பிறகு உள்ளூர்க் குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது என்பதை அது சொல்லாது. மூன்றாவதாக, சந்தைக்கு வராமல் வீட்டுக் கொல்லையிலேயே உண்ணப்பட்ட பழம் இந்தக் கணக்கில் முழுமையாக ஏறுவதில்லை. ஆகவே அந்தக் கொல்லைகள் அழிந்தபோது ஏற்பட்ட இழப்பும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. மலாக்காத் தோட்டத் தமிழரின் பழ வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றாவது இடைவெளியில்தான் இருக்கிறது.

தோப்பு இருந்த மண்ணில் பால்மரம்

மலாக்காவுக்குப் பெயர் கொடுத்ததே ஒரு கனிமரம். மலாக்காவை நிறுவிய பரமேசுவரன் இளைப்பாறியதாக மரபு சொல்லும் மலாக்கா மரம், நாம் நெல்லி என்று அழைக்கும் மரமேதான். கொதினோ டி எரேடியா 1613-இல் எழுதிய மலாக்கா வருணனையில் ஊரைச் சூழ்ந்த பழத்தோப்புகள் இடம்பெறுகின்றன. டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், டுக்கு, லங்சாட், சம்படாக் ஆகியவை கலந்து நிற்கும் மலாய்க் கம்பத்துத் தோப்பு இந்த மண்ணின் பழைய பழக் களஞ்சியம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அன்னாசி, பப்பாளி, கொய்யா ஆகியவை ஐரோப்பியக் கப்பல்கள் கீழைக்கடலில் ஓடத் தொடங்கிய பின் வந்து கலந்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவின் உட்பகுதி நிலங்களில் சீன முதலாளிகள் மரவள்ளியைப் பெருமளவில் பயிரிட்டார்கள். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் என்ற பெருமை அந்த இடத்துக்கு உண்டு. அடுத்து புக்கிட் அசகானில் மூவாயிரம் ஏக்கர் அளவில் தோட்டம் எழுந்தது. பால்மரம் பரவப் பரவத் தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேறி வந்தார்கள். ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் தமிழ்க் குடியிருப்புகள் இப்படித்தான் உருவாயின.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலாய்க் கம்பத்துக் குடும்பத்துக்குத் தோப்பு பரம்பரை நிலம். மலாக்காவின் வழக்காற்று நிலச் சட்டங்கள் அதற்குக் காப்பு தந்தன. தோட்டத் தமிழருக்கு அப்படி ஒரு நிலம் கிடையாது. அவர்கள் நட்ட மரமும் குடியிருந்த வீடும் கம்பெனிக்குச் சொந்தமான மண்ணில் நின்றன. பின்னாளில் நேர்ந்த இழப்புக்கெல்லாம் மூலகாரணம் இதுவே.

லயத்துக் கொல்லை என்னும் பழக் களஞ்சியம்

நிலம் சொந்தமில்லை என்றாலும் நட்டுக்கொள்ள இடம் இருந்தது. குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி பயிரிட ஒதுக்கவேண்டும் என்று 1920-களின் தொழிலாளர் சட்டங்கள் கூறின. லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகளுக்குப் பின்னால் முருங்கை, கருவேப்பிலையோடு வாழையும் பப்பாளியும் வந்தன. பொதுவெளியில் மா, பலா, கொய்யா, சீக்கு (சப்போட்டா) ஆகியவை நின்றன. கோயிலைச் சுற்றித் தென்னையும் எலுமிச்சையும். தோட்டத்தை ஒட்டிய கம்பங்களிலிருந்து பருவத்தில் டுரியானும் ரம்புத்தானும் வந்தன. ஆட்டுப்பாலும் முருங்கைக்கீரையும் அங்கே போயின. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அற்றுப்போனபோது உயிர்களைக் காத்ததில் மரவள்ளியோடும் சர்க்கரைவள்ளியோடும் இந்தக் கொல்லைகளுக்கும் பங்கு உண்டு.

இந்த ஏற்பாட்டின் பொருளியல் மதிப்பு பெரிது. பால்வெட்டுக் கூலி ரப்பர் விலையோடு ஏறி இறங்கியது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த நாள்களிலும் குழந்தையின் கைக்கு ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ கிடைத்தது. கூலியின் ஏற்ற இறக்கம் தொடமுடியாத ஒரு சத்துணவு அது. எந்த அரசாங்கமும் திட்டமிட்டு வழங்காத அதைத் தாய்மார்கள் வேலை முடிந்து வந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள்.

மலாக்காவில் பழப்பருவத்தை வழிபாடாகவே கொண்டாடும் சமூகமும் ஒன்று உண்டு. காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியில் வாழும் மலாக்காச் செட்டிகள் ஆண்டுக்கு இருமுறை முன்னோருக்குப் பார்ச்சு என்னும் படையல் இடுகிறார்கள். பொங்கலை ஒட்டி ஒன்று. ஆண்டின் நடுவே, உள்ளூர்ப் பழங்கள் குவியும் பருவத்தில் இன்னொன்று. பின்னதற்கு மலாய் மொழியில் பழப் பார்ச்சு என்று பொருள்படும் பெயர். தமிழ் வேர் கொண்ட ஒரு சமூகம் இந்த மண்ணின் பருவத்தைத் தன் நாட்காட்டியாக்கிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

துண்டாடல், செம்பனை, தமான்

கொல்லைகள் ஒரே நாளில் அழியவில்லை. மூன்று அலைகளாக அது நடந்தது.

முதல் அலை 1950-களிலும் 60-களிலும் வந்த தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் வெளியேற, பெரிய தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. புதிய உரிமையாளர்களுக்கு லயமும் தேவையில்லை, லயத்துக் கொல்லையும் தேவையில்லை. இதைத் தடுக்க எழுந்த முயற்சிகளில் மகத்தானது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்களிடம் மாதந்தோறும் சிறுதொகை திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கிய சங்கம் அது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி, தமிழ்த் தொழிலாளியும் நில உரிமையாளனாக முடியும் என்று அது நாட்டுக்குக் காட்டியது.

இரண்டாம் அலை செம்பனை. 1960-இல் நாட்டில் ஏறத்தாழ 55,000 எக்டரில் இருந்த செம்பனை, இன்று 50 லட்சம் எக்டரைத் தாண்டிவிட்டது. ரப்பரைவிடக் குறைந்த ஆள்களே செம்பனைக்குப் போதும். மறுநடவுக்காக மண்ணைப் புரட்டியபோது லயங்கள் குறைந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பழமரங்களும் வீழ்ந்தன. சிறு நில உரிமையாளர்களும் பழத்தை விட்டுச் செம்பனைக்கு மாறியதற்கு வலுவான காரணம் இருந்தது. செம்பனைக் குலையை மாதம் இரண்டு மூன்று முறை அறுக்கலாம். வாங்க ஆலை காத்திருக்கிறது. பழமோ பருவத்தில் ஒரேயடியாகக் குவிகிறது. விலை சரிகிறது, இரண்டொரு நாளில் அழுகிவிடுகிறது. கடன் வாங்கிப் பயிரிடும் குடியானவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாம் அலை நகரமயம். 1980-களிலிருந்து ஆயர் குரோ, குருபோங், பெகோ வட்டாரங்களில் தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் கைமாறின. தோட்டத் தமிழர்கள் டுரியான் துங்கல், பாயா ரும்புட், புக்கிட் கட்டில், மெர்லிமாவ், மஸ்ஜிட் தானா என்று பரவினார்கள். பலருக்கு முதன்முறையாகச் சொந்த வீடு கிடைத்தது. பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள். இதைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் வரிசை வீட்டுக்குக் கொல்லை என்பது சிமெண்டு பூசிய சில அடி இடம்தான். அடுக்குமாடியில் அதுவும் இல்லை. ஒரு தலைமுறைக்குள் பழம், வளர்க்கும் பொருளிலிருந்து வாங்கும் பொருளாகிவிட்டது.

நாட்டின் பழக்கூடை எப்படி மாறியது?

இதே காலத்தில் நாட்டின் பழ உற்பத்தியும் உருமாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பழத்துக்கும் தனிக்கதை உண்டு.

அன்னாசியே முதல் வணிகப் பழம். இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே ஊடுபயிராகத் தொடங்கி, பின் ஜொகூரின் கரிச்சேற்று நிலங்களில் நிலைகொண்டது. மலாயாவின் டின் அன்னாசி உலகச் சந்தையில் முன்னணியில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1957-இல் அதற்கெனத் தனி வாரியமே அமைந்தது. பின்னர் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போட்டியில் டின் தொழில் சுருங்கியது. இன்று எம்டி2 போன்ற இனிப்பு ரகங்களால் புதுப் பழமாக மீண்டும் எழுந்திருக்கிறது.

பப்பாளியின் கதை ஏற்றமும் வீழ்ச்சியும் கொண்டது. 1969-இல் நிறுவப்பட்ட மார்டி ஆய்வு நிலையம் 1987-இல் எக்ஸோட்டிக்கா ரகத்தை வெளியிட்டது. சிறிய, சிவந்த, இனிப்பான அந்தப் பழம் ஹாங்காங்வரை போனது. 2003-ஐ ஒட்டி ஜொகூரின் பத்து பகாட்டில் நுனிக்கருகல் என்னும் பாக்டீரியா நோய் தலைகாட்டியது. எக்ஸோட்டிக்காவே அதற்கு எளிதில் பலியாகும் ரகம். தோப்புகள் வரிசையாகப் பட்டுப்போயின. ஒரே ரகத்தை நம்பி ஏற்றுமதியைக் கட்டியதற்கு நாடு கொடுத்த விலை அது.

வாழைக்கும் அதே விதி. 1990-களில் பெரும் முதலீட்டில் எழுந்த கேவண்டிஷ் தோட்டங்களைப் பனாமா வாடல்நோயின் புதிய வகை அழித்தது. இந்நோய் மண்ணில் பல்லாண்டுகள் தங்கும், மருந்து இல்லை. பெராங்கான், பீசாங் மாஸ் ஆகிய வாழை ரகங்கள் சந்தையைத் தாங்கிவருகின்றன. தமிழர் படையலுக்கும் பந்திக்கும் விரும்பித் தேடும் ரஸ்தாளி, வாடல்நோய்க்கு எளிதில் ஆட்படும் இனங்களில் ஒன்று. வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதன் விலை ஏறி நிற்பதற்குப் பின்னால் இந்த நோயும் இருக்கிறது.

தேங்காயின் சரிவு மிக ஆழமானது. 1990-ஐ ஒட்டி மூன்று லட்சம் எக்டர் அளவில் இருந்த தென்னை நிலம் இன்று ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இருக்கும் மரங்களிலும் பல முதிர்ந்தவை. இந்தோனேசியக் காய் வந்தால்தான் சமையல் நடக்கும் என்ற நிலை. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் அங்கே வரத்து குறைந்தபோது, இங்கே தேங்காய்க்கும் தேங்காய்ப்பாலுக்கும் தட்டுப்பாடு வந்தது. அது தைப்பூசக் காலமாகவும் அமைந்ததால் கோயில்களும் அதை நேரடியாக உணர்ந்தன.

மாம்பழத்தில் தடையாக நிற்பது தட்பவெப்பம். மா பூக்க வறண்ட காலம் வேண்டும். ஆண்டு முழுதும் ஈரம் சொட்டும் மலாக்காவில் பூ உதிர்கிறது. பூஞ்சணமும் பழ ஈயும் மீதத்தைக் கெடுக்கின்றன. வறட்சிப் பருவம் தெளிவாக உள்ள பெர்லிஸில் ஹாருமானிஸ் செழிப்பது இதனால்தான். கொல்லை மரம் காய்த்தவரை ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் குறையில்லை. வணிக அளவில் தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியாவை நம்பியே இருக்கிறோம்.

இத்தனைக்கும் எதிர்த்திசையில் வளர்ந்தது டுரியான். 1993-இல் டி197 எனப் பதிவான முசாங் கிங், சீனச் சந்தை திறந்தபோது தங்கமாக மாறியது. 2011-இல் உறைந்த சதை, 2019-இல் உறைந்த முழுப்பழம், 2024-இல் உறையவைக்காத புதுப்பழம் எனச் சீனா படிப்படியாக வாசலைத் திறந்தது. ஆண்டு விளைச்சல் இப்போது நான்கு லட்சம் டன்னைத் தாண்டி நிற்கிறது. புதிதாகப் பழத்துக்கு வரும் நிலமும் முதலீடும் பெருமளவில் இந்த ஒரு பழத்தையே நாடுகின்றன. நாட்டின் தன்னிறைவு விகிதம் நன்றாகத் தெரிவதற்கு டுரியானும் தர்ப்பூசணியும் தரும் பங்கு பெரிது. பப்பாளியும் கேவண்டிஷும் புகட்டிய பாடத்தை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஒரே ரகம், ஒரே பெருஞ்சந்தை என்று கட்டப்படும் வளம் ஒரு நோயிலோ ஒரு விலைச்சரிவிலோ ஆட்டம் காணும்.

உள்ளூரில் விளையாத ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, பேரிக்காய் ஆகியவை ஆண்டு முழுதும் இறக்குமதியாகின்றன. 2020-இல் மலேசியாவின் மொத்த உணவு இறக்குமதி 5,500 கோடி ரிங்கிட் அளவைத் தொட்டது. பழமும் அதில் ஒரு பகுதி. ரிங்கிட்டின் மதிப்பு இறங்கும்போதெல்லாம் பழக்கடையில் அதன் சூடு தெரிகிறது.

யாருக்குக் குறைந்தது?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். 2020 கணக்கெடுப்பில் மலாக்காவின் மக்கள்தொகை பத்து லட்சத்தை நெருங்கியது. அவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் இந்தியர்கள். இவர்களில் வசதியானவருக்கு எந்தக் காலத்திலும் இல்லாத அளவு பழவகை இன்று பேரங்காடியில் கிடைக்கிறது. தினக்கூலியிலும் தொழிற்சாலைச் சம்பளத்திலும் வாழும் குடும்பத்துக்கோ, அரிசி, பால், கோழி, வாடகை ஆகியவற்றுக்குப் பின் மிஞ்சினால்தான் பழம். மாதக் கடைசியில் முதலில் வெட்டப்படும் செலவும் அதுவே.

2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதிய பழமும் காய்கறியும் உண்பதில்லை. அதே ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடையே மற்ற இனங்களைவிட அதிகம். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு. நீரிழிவுக்குக் காரணங்கள் பல; பழக்குறை ஒன்றே காரணம் என்று கூறுவது தவறு. ஆனால் கொய்யாவும் நெல்லியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு சமூகம் இனிப்புப் பானத்துக்கும் பாக்கெட் பண்டத்துக்கும் மாறியிருப்பது கவலைப்படவேண்டிய மாற்றம்.

இக்கட்டுரை தோட்ட வாழ்வைப் பொற்காலமாகக் காட்டுவதாக யாரேனும் குறை கூறலாம். அந்த வாழ்வில் குறைந்த கூலியும் மலேரியாவும் கங்காணியின் அதட்டலும் இருந்தன. அங்கே திரும்பிப் போக யாரும் விரும்பவில்லை, விரும்பவும் தேவையில்லை. நகர வாழ்வு தந்த கல்வியையும் வீட்டையும் காத்துக்கொண்டே, தோட்டக் கொல்லை தந்த பழத்தை மீட்க வழியுண்டா என்பதே கேள்வி. வழி உண்டு.

செய்யவேண்டியவை

முதலாவது, கணக்கு மாறவேண்டும். தன்னிறைவு விகிதத்தோடு, உள்ளூர்ப் பழத்தின் சில்லறை விலை, வருமான வாரியாகக் குடும்பங்கள் உண்ணும் பழத்தின் அளவு, வகைகளின் எண்ணிக்கை ஆகியவையும் ஆண்டுதோறும் வெளியிடப்படவேண்டும். விகிதம் 83-ஐத் தொட்டும் ஏழைக் குழந்தையின் தட்டில் பழம் இல்லையென்றால் அந்த இலக்கு பாதியே நிறைவேறியதாகும்.

இரண்டாவது, நிலம். நிரந்தர உணவு உற்பத்திப் பூங்கா என்ற திட்டத்தில் அரசாங்கம் பயிர்நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறது. இதில் இடம்பெறத் தமிழ் இளைஞர்கள் குழுவாக விண்ணப்பிக்கவேண்டும்.  சம்பந்தன் காட்டிய கூட்டுறவு வழி ரப்பருக்கும் செம்பனைக்கும் மட்டும் உரியதன்று. ரஸ்தாளிக்கும் தென்னைக்கும் நம் கோயில்களும் திருமண மண்டபங்களும் ஆண்டு முழுதும் காத்திருக்கும் நிச்சயமான வாங்குநர்கள். இந்தத் தேவையை நம்பிக் குத்தகை எடுக்கும் கூட்டுறவு விற்க இடமின்றி நட்டப்படும் என்று அஞ்சக் காரணமில்லை. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றும் நோய் பரவாத நிலமும் முன்தேவைகள்; வேளாண் துறையின் வழிகாட்டலை முதலிலேயே பெறவேண்டும்.

மூன்றாவது, நம் கைவசம் உள்ள பொதுநிலம். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டப் பள்ளிகளாகத் தொடங்கியவை. சிலவற்றில் இன்றும் மரம் நட இடம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் கொய்யா, நெல்லி, சீக்கு, பலா என்று கலந்து நட்டால் ஐந்தாறு ஆண்டில் பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும். சன்னாசிமலை ஆண்டவர் ஆலயம் தொடங்கிச் சிறுகோயில்கள்வரை, நிலம் உள்ள ஆலயங்கள் பூசைக்கான தேங்காயில் ஒரு பகுதியையாவது தாமே விளைவிக்கலாம். உடைக்கும் தேங்காயின் எண்ணிக்கையைக் குறைப்பதும் பக்திக்குக் குறைவாகாது.

நான்காவது, நினைவில் உள்ள அறிவைத் திரட்டுதல். எந்த மண்ணில் எந்த வாழை நிற்கும், சீக்குவை எப்படிப் பதியன் போடுவது, பலாவை எப்போது மூடிக் கட்டுவது என்பதெல்லாம் தோட்டத்தில் வாழ்ந்த பெண்களின் கையில் இருக்கும் கல்வி. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மாதர் மன்றங்களும் அவர்களை அழைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லவேண்டும்.

மலேசியாவின் பழவளம் எடையில் பெருகி, வகையில் சுருங்கி, எளியவரின் கையை விட்டு விலகியிருக்கிறது. இதுவே இந்த ஆய்வின் முடிவு. விலகியதற்குக் காரணம் மண்ணின் வறுமை அன்று. நிலம் யார் கையில் இருந்தது, எந்தப் பயிருக்கு ஆதரவு கிடைத்தது என்பதே. இவ்விரண்டும் மனிதர் எடுத்த முடிவுகள். ஆகவே மனிதரால் மாற்றக்கூடியவை. அரசாங்கம் தன் பங்கைச் செய்யட்டும். நம் பங்கு இந்த ஆண்டே தொடங்கட்டும். ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் ஒவ்வொரு பள்ளிச் சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே நடவுக்கு ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கித் தீர்மானம் போடவேண்டும்.